மால்ல எந்த வருஷம் எந்தக் கடை இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உத்தங்குடியான்:
மதுரை ரிங் ரோட்டை ஒட்டி இருக்கிற ஒரு மாலோட வரலாற்றைத் தொகுத்துக்கிட்டு இருக்கேன். மாடிவாரியா எந்தக் கடை எப்போ வந்துச்சு, எப்போ போச்சுங்கிற பட்டியல்தான் முக்கியம். நிர்வாகத்துக்கிட்ட இன்னைக்கு இருக்கிற கடைகளோட பட்டியல் மட்டும்தான் இருக்கு. கையில இருக்கிறது ஒரு கவர் நிறைய பழைய பில், திறப்பு விழா நோட்டீஸ், கூகுள் மேப் படங்கள். ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. ஒரே கடை எண்ணுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு பேர் வருது. எதை நம்புறது? இன்னொண்ணு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா பாதிக் கடை மாறுதே, அது ஏன்?

கணக்குப்பிள்ளை:
பில் கவர்லேர்ந்து ஆரம்பிங்க. தேதி அழிஞ்சு போயிருந்தாலும் வரி எண்ணே காலத்தைச் சொல்லிடும். தமிழ்நாட்டுல வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, வந்தது 2007 ஜனவரி 1. அதுக்கு முந்தின பில்லுன்னா டிஎன்ஜிஎஸ்டி (பழைய மாநில விற்பனை வரி) எண் இருக்கும். அதுலேர்ந்து 2017 ஜூன் வரைக்கும் 33ல ஆரம்பிக்கிற 11 இலக்க டின் நம்பர், அதாவது வாட் பதிவு எண். 2017 ஜூலை 1க்கு அப்புறம் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்.

அந்த 15ல மூணாவது எழுத்துலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் எடுத்து எழுதிக்கோங்க. அது கடை நடத்துறவரோட பான் எண், அதாவது வருமான வரி எண். போர்டு அப்படியே இருந்து பான் மாறியிருந்தா கடை கைமாறியிருக்கு, பெரும்பாலும் கம்பெனி நடத்தினது பிரான்சைஸுக்குப் போயிருக்கும். போர்டு மாறி பான் மாறலைன்னா அதே ஆள் வேற வியாபாரம் தொடங்கியிருக்கார். இந்த வித்தியாசம் எந்தப் போட்டோவுலயும் தெரியாது.

ஜிஎஸ்டி தளத்துல எண்ணைப் போட்டா பதிவான தேதி, ரத்தான தேதி ரெண்டும் வரும். ஆனா பழைய கடை எல்லாத்துக்கும் 01/07/2017ன்னுதான் காட்டும். அதைத் திறப்பு தேதின்னு எழுதிடாதீங்க. சங்கிலிக் கடைகள் பொதுவா மாநிலத்துக்கு ஒரு பதிவுதான் வெச்சிருப்பாங்க, முகவரி சென்னையா இருக்கும். மதுரைக் கிளையை மூடினாலும் அங்க ஒண்ணும் மாறாது. உள்ளூர் ஒத்தைக் கடைகளுக்குத்தான் இந்த வழி.

ஃபுட் கோர்ட் பில்லுல 14 இலக்க உணவு உரிம எண் இருக்கான்னு பாருங்க. நாலாவது, அஞ்சாவது இலக்கம் உரிமம் வாங்கின வருஷம். 17ன்னா 2017.

பில்லை லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க. வெப்பத்தாள், சூடு பட்டதும் மொத்தமும் கறுத்துடும். பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வெச்சாலும் எழுத்து வெளுக்கும். 300 டிபிஐ கலர்ல ஸ்கேன் பண்ணிட்டு, சாதாக் காகித உறையில வைங்க.

நத்தம்ரோடு:
ஒரே எண்ணுக்கு ரெண்டு பேர் வர்றதுக்குக் காரணம், நடுச்சுவரை எடுத்துக் கடைகளைச் சேர்ப்பாங்க, திரும்பப் பிரிப்பாங்க. அப்போ எண்ணும் மாறும். அதனால எண்ணை நம்பிப் பட்டியல் போடாதீங்க, தூணை நம்புங்க. தூண் இடம் மாறாது. ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் பக்கத்துல அவசர வழி வரைபடம் மாட்டியிருப்பாங்க. அதைப் படம் எடுத்து, தூண்களுக்கு எண் போட்டு, "கிழக்கு எஸ்கலேட்டர், 4-6 தூண்"னு இடத்தைக் குறிச்சிக்கோங்க. பல இடங்கள்ல அந்த வரைபடத்தை மாத்தியே இருக்க மாட்டாங்க. மால் திறந்தப்ப கடைகளைப் பிரிச்சிருந்த தடுப்புச் சுவர் அப்படியே தெரியும். பாதுகாப்புக்கு மோசம், நமக்கு லாபம்.

கூகுள் மேப்ல கடைக்காரர் பழைய பதிவுலயே பேரை மட்டும் மாத்திடுவார். செருப்புக் கடைப் பக்கத்துல "ஐஸ்கிரீம் நல்லா இருந்துச்சு"ன்னு விமர்சனம் கிடந்தா, அது முந்தின கடையோட தடயம். படத்துல காட்டுற தேதி ஏத்தின தேதியா எடுத்த தேதியான்னு பாருங்க. வாட்ஸப்ல சுத்தி வந்த படத்துல அந்த விவரமே தங்காது. ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு முறையா வந்ததே 2022 ஜூலையில. முதல் பத்து ஊர்ல மதுரை கிடையாது. அதுல பழைய வருஷங்களைத் தேடாதீங்க.

வில்லங்கம்போட்டவன்:
அதுக்கெல்லாம் முன்னாடி சர்வே எண்ணை வெச்சு வில்லங்கம் போட்டுப் பாருங்க. பிரிக்காத மனைப் பங்கோட (மொத்த நிலத்துல ஒவ்வொரு கடைக்கும் உள்ள பங்கு) வரிசையா கிரயப் பத்திரம் வந்தா, கடைகளைத் தனித்தனியா வித்துட்டாங்கன்னு அர்த்தம். அப்படிப்பட்ட மால்ல எந்தக் கடை எங்க வரணும்னு முடிவு பண்ண ஆளே கிடையாது. கடை மாறுறதும் காலியா கிடக்குறதும் அங்க அதிகம். ஒரே உரிமையாளர்னா குத்தகைப் பத்திரங்கள் வரும், ஆனா பெரிய கடைகளோடது மட்டும். சின்னக் கடை, நடைபாதைக் கியோஸ்க் எல்லாம் பதினோரு மாச அக்ரிமென்ட்ல ஓடுறதால வில்லங்கத்துல ஏறாது.

ரிங் ரோட்டுப் பக்கம்னா இன்னொரு சிக்கல் இருக்கு. உத்தங்குடி, வண்டியூர், திருப்பாலை, கண்ணனேந்தல் இதெல்லாம் மாநகராட்சியில சேர்ந்தது 2011ல. 72 வார்டு 100 ஆனப்ப. அதுக்கு முன்னாடி கட்டினதுன்னா கட்டட அனுமதி, தொழில் உரிமம் ரெண்டும் ஊராட்சிப் பேர்ல இருக்கும். ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடும்போது, பழைய ஊராட்சியிடமிருந்து ஒப்படைக்கப்பட்ட பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்க. கேக்கலைன்னா "ஆவணம் இல்லை"ன்னு ஒத்தை வரியில பதில் வரும்.

மின் இணைப்பு எண்ணை வெச்சுத் தேடலாம்னு யாராவது சொல்வாங்க. பல மால்கள்ல மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே உயரழுத்த இணைப்புதான், கடைகளுக்கு உள்மீட்டர். அந்த உள்மீட்டர் ரீடிங் நோட்டு பராமரிப்பு ஆபீஸ்ல கிடந்தா விடாதீங்க. மாசாமாசம் எந்தக் கடை ஓடுச்சுன்னு அதுல இருக்கும்.

வாடகைக்கணக்கு:
மூணு வருஷக் கணக்கு குத்தகையில இருக்கு. வழக்கமான மால் குத்தகை ஒன்பது வருஷம், மூணு மூணா பிரிச்சிருக்கும். முதல் மூணு வருஷம் கடைக்காரர் வெளிய போக முடியாது. அது முடிஞ்ச கையோட வாடகை 15 சதவீதம் ஏறும். போக வழி திறக்குறதும் வாடகை ஏறுறதும் ஒரே மாசத்துல. அப்போ கிளம்பாம என்ன பண்ணுவார்?

உதாரணத்துக்கு, உள்ள புழங்குற இடம் 600 சதுர அடி. நடைபாதை, படிக்கட்டுப் பங்கைச் சேர்த்து 900க்கு வாடகை கேப்பாங்க. அடிக்கு 60 ரூபாய்னா 54,000. பராமரிப்பு அடிக்கு 12ன்னு 10,800. மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 11,664. ஆக 76,464. துணிக்கடைக்காரர் அந்த வரியைத் தன் வரியில கழிச்சுக்குவார். 5 சதவீத வரியில பில் போடுற ஃபுட் கோர்ட் கடைக்கு அந்தக் கழிவு கிடையாது, முழுசும் கைக்காசு. வாடகைச் செலவு விற்பனையில 15 சதவீதத்துக்குள்ள நிக்கணும்னா அவர் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 ரூபாய்க்கு விக்கணும். சனி, ஞாயிறு விப்பார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் வர்றது? உங்க பட்டியல்ல ஃபுட் கோர்ட் வரிசைதான் அதிகமா மாறியிருக்கும், பாருங்க.

துணிக்கடைக்குப் போட்டி அடுத்த மால் இல்ல. தீபாவளித் துணி எடுக்க ஜனம் இன்னும் பழைய கடைவீதிகளான விளக்குத்தூணுக்கும் மாசி வீதிகளுக்கும்தானே போகுது.

எல்லா மாற்றத்தையும் மதுரை வியாபாரத்து மேல போடவும் முடியாது. 2022 பிப்ரவரியில ரிலையன்ஸ் பல பிக் பஜார் கடைகளை எடுத்து, பிறகு ஸ்மார்ட் பஜார் ஆக்குச்சு. 2023ல பிவிஆரும் ஐநாக்ஸும் ஒண்ணாச்சு. இதெல்லாம் மேலிடத்து முடிவு. பட்டியல்ல "காரணம்"னு தனிக் கட்டம் போட்டு, இதையும் வாடகை தாங்காமப் போனதையும் பிரிச்சு எழுதுங்க.

உத்தங்குடியான்:
எல்லாருக்கும் நன்றிங்க. தூண் யோசனை பிரமாதம். நிறையக் கடைகளுக்குக் கடைசி பில் 2020 மார்ச்சோட நிக்குது. மூடின தேதி அதுதான்னு போட்டுடலாமா?

கணக்குப்பிள்ளை:
போடாதீங்க. அது கொரோனா ஊரடங்கு. தமிழ்நாட்டுல மால் திரும்பத் திறந்தது 2020 செப்டம்பர் 1, தியேட்டர் நவம்பர் 10. நடுவுல பூட்டியிருந்தாலும் குத்தகை ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். "திறப்பு", "மூடல்"னு கட்டம் போடாம "முதல் சான்று", "கடைசிச் சான்று"ன்னு போட்டு, பக்கத்துல அது பில்லா, படமா, பத்திரமான்னு குறிங்க. நாளைக்கு இன்னொரு கவர் பில் கிடைச்சா தேதியை மட்டும் நகர்த்தினாப் போதும்.