கற்பனை நாட்டின் சொற்களும் வழக்கங்களும்: புதிதாகப் புனைவதா, ஆற்றங்கரையில் தேடுவதா?

பொதிகைச்சாரல் (அம்பாசமுத்திரம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரு மாயப் புனைகதை எழுதி வருகிறேன். அதன் களம் முழுக்க முழுக்க நானே அமைத்த ஒரு நாடு. மலையிலிருந்து இறங்கும் ஒரே ஆறுதான் அந்த நாட்டுக்கு உயிர். அந்த ஆற்றுக்குக் காது உண்டு. அதன் உண்மைப் பெயரை யாராவது வாய்விட்டுச் சொன்னால், சொன்னவர் நிற்கும் இடம்வரை நீர் ஏறி வந்துவிடும். ஆகையால் மடை திறக்கும் நாளில், தண்ணீர் கடைசி வயலைச் சேரும்வரை நீர் பங்கிடுபவர் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

கதையின் போக்கு எனக்கு நிறைவாகவே இருக்கிறது, இடறல் சொற்களில்தான். பதவி, சடங்கு, அளவை என்று அறுபதுக்கும் மேற்பட்ட சொற்களை நானே உருவாக்கினேன். நீர் பங்கிடுபவர் ‘ழெகுரன்’, அவருடைய மௌன நோன்பு ‘ட்ரவிணம்’, அணை ‘லோர்த்தை’. கையெழுத்துப் படியைப் படித்த என் அத்தை, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியில் உள்ள சொற்பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கை சலித்துவிட்டதாகச் சொன்னார். நாம் அன்றாடம் பேசும் சொற்களையே போட்டுவிட்டால், படிப்பவர் கண்ணுக்கு அது வேறொரு நாடாகத் தோன்றாமல் தாமிரபரணிக் கரையாகவே தெரிந்துவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். இப்படி எழுதிப் பழகியவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுகால் (ஸ்ரீவைகுண்டம்) எழுதியது:

முதலில் ஒலியைப் பார்ப்போம். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் என்று நன்னூல் சொல்வது பன்னிரண்டு உயிர்களையும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்னும் பத்து மெய்களின் உயிர்மெய்களையும்தான். ‘ரயில்’, ‘லட்டு’ என்று நாம் இன்று தயங்காமல் சொல்கிறோம் என்பது உண்மையே. ஆனாலும் ழகரத்திலும் ‘ட்ர’ என்ற மெய்ம்மயக்கத்திலும் தொடங்கும் சொல்லை வாசகரின் நாக்கு உள்ளே விடுவதில்லை. அவருக்கு அது வேற்றுலகத்துச் சொல்லாகப் படாது, அச்சுப்பிழையாகவே படும். உங்கள் கதையில் மலைக்கு அப்பாலிருந்து அயலார் எவரேனும் வருவார்களானால், இத்தகைய ஒலிகளை அவர்கள் வாய்க்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். அப்போது அவர்கள் பேசத் தொடங்கியதுமே அயலார் என்பது விளங்கிவிடும்.

இரண்டாவதாக, வியப்பூட்டும் பெயர் வேண்டுமென்றால் நீங்கள் தொலைவில் போக வேண்டியதில்லை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவற்றின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன். நதியை உண்பது நதியுண்ணி! இதைவிட மாயம் நிறைந்த பெயரை எந்தப் புனைகதைக்காரர் கட்டிவிட முடியும்? அதற்கு அடிக்குறிப்பும் வேண்டாம், சொற்பட்டியலும் வேண்டாம். தெரிந்த இரண்டு சொற்கள் இதுவரை சேராத விதத்தில் சேர்ந்து நிற்கின்றன. பொருளும் புரிகிறது, புதுமையும் குறையவில்லை. உங்கள் அறுபது சொற்களையும் இந்த உரைகல்லில் ஒருமுறை உரசிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நாம் குளம் என்பதை மதுரை, இராமநாதபுரம் பக்கத்தில் கண்மாய் என்பார்கள்; செங்கல்பட்டுப் பக்கத்தில் ஏரி என்பார்கள். நம் ஊரில் குளம் நிறைந்தால் ‘மறுகால் பாய்கிறது’ என்போம். வேறு இடங்களில் ‘கலிங்கு பாய்கிறது’ என்பார்கள். நாடு முழுவதும் ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான் என்று வைத்தால் அந்த நாடு வரைபடத்தில் மட்டுமே இருக்கும். மேட்டு ஊருக்கு ஒரு சொல், கழிமுகத்து ஊருக்கு ஒரு சொல் என்று வையுங்கள். ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதை அவர் பேச்சே சொல்லிவிடும்.

தேரிமணல் (உடன்குடி) எழுதியது:

மறுகால் அண்ணாச்சி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எனக்குப் பெயர்களைவிட வழக்கங்கள்தான் முதன்மையாகப் படுகின்றன. வழக்கம் உறுதியாக இருந்தால் சொல் தானாகப் பிறக்கும்.

எங்கள் பக்கத்துப் பனைத்தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதனீர். தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். பதனீரைக் காய்ச்சுவதற்கென்று விடிலி என்ற குடிசை உண்டு. காய்ந்த பாகைச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பாளை, கலயம், விடிலி, சிரட்டை ஆகிய ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வேலையும் அதைச் செய்யும் ஒரு கையும் இருக்கின்றன. உங்கள் ‘ட்ரவிணம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நோன்பு நாளில் நீர் பங்கிடுபவர் தவறிப்போய் இருமினால் என்ன ஆகும்? அவருடைய வீட்டார் அன்று என்ன சமைப்பார்கள்? பக்கத்து வயல்காரர் அவரைச் சினமூட்டிப் பேசவைக்க முயன்றால் அதற்கு என்ன தண்டம்? இவற்றுக்கு விடை எழுதி முடிக்கும்போது பெயரும் கைக்கு வந்திருக்கும்.

ஆற்றின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற உங்கள் கற்பனைக்குத் தமிழிலேயே நல்ல அடித்தளம் இருக்கிறது. இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்வார்கள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இறந்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. இரவில் பாம்பைப் பூச்சி என்பவர்களும், ‘போகிறேன்’ என்னாமல் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பவர்களும் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்ல அஞ்சும் ஊரில் அந்தப் பெயருக்குப் பதிலாக ஒன்பது பெயர்கள் முளைக்கும். ஓடக்காரர் ஒன்று சொல்வார். உழவர் இன்னொன்று சொல்வார். வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் சொல்வது வேறாக இருக்கும். உங்கள் நாவலில் ஆற்றுக்கு எத்தனை மாற்றுப்பெயர்கள் வைத்திருக்கிறீர்கள்?

வீசுகோல் (வள்ளியூர்) எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஊர்ச்சொற்களை அப்படியே அள்ளிக்கொண்டு போனால், ஊருக்கு முகமூடி போட்டதாகத்தான் முடியும். குறிப்பாக ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கொடை விழாவின் சடங்குகளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி மாய உலகத்தில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். சுடலைமாடன் பீடத்தின் முன் நிற்பவருக்கு அது கதைப்பொருள் இல்லை. அவர் குடும்பத்தின் வேண்டுதல். பந்தல்கால் நடும் கால்நாட்டு முதல் தெய்வத்துக்கு உணவு வைக்கும் படைப்பு வரை அதில் எதுவும் கேட்பாரற்றுக் கிடப்பதன்று. சடங்கு ஏன் நடக்கிறது, யாருக்கு எந்த உரிமை, எது தவறினால் எது குலையும் என்ற அமைப்பைக் கூர்ந்து பாருங்கள். அதன் பிறகு உங்கள் ஆற்றுக்கு உரிய சடங்கை நீங்களே படையுங்கள்.

வில்லுப்பாட்டிலிருந்து கற்க வேண்டிய இன்னொன்று உண்டு. காப்பும் அவையடக்கமும் பாடிய பிறகு, கதைக்குள் போகும்முன் நாட்டுவளம் பாடுவார்கள். அந்த நாட்டில் எது விளைகிறது, எந்த மரத்தில் எந்தப் பறவை அடைகிறது என்பதெல்லாம் பாட்டோடு பாட்டாகக் காதில் விழுந்துவிடும். நடுவில் ஐயம் எழும் இடத்தில் பின்பாட்டுக்காரர், கேட்பவர் சார்பில் ஒரு கேள்வி போடுவார். புலவர் விளக்கிவிட்டு மேலே போவார். உங்கள் கதையிலும் அத்தகைய ஒருவர் வேண்டும். வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளாக இருக்கலாம். முதன்முறை மடைக்கு வரும் சிறுவனாகவும் இருக்கலாம். அவர் கேட்கும்போது மட்டும் விளக்குங்கள். பின்பக்கச் சொற்பட்டியலை நீக்கிவிடலாம் என்பது என் துணிபு.

பொதிகைச்சாரல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து அறுபது சொற்களில் நாற்பத்தொன்றை அடித்துவிட்டேன். ‘ழெகுரன்’ இப்போது ‘நீரளந்தார்’ ஆகிவிட்டார். அணை, சுமைதாங்கியை நினைத்து ‘ஆறுதாங்கி’. மௌன நோன்புக்கு ‘வாய்க்காப்பு’ என்று வைத்ததும், மணிக்கட்டில் காப்புக் கட்டுவதுபோல் கீழுதட்டில் ஈர மண் தொட்டு வைக்கும் ஒரு சடங்கு தானாகவே எழுதவந்தது; மண் உலர்ந்து உதிர்வதற்குள் நீர் கடைமடையைச் சேர வேண்டும். வீசுகோல் அவர்கள் எச்சரித்ததை மனத்தில் கொண்டு, சாமியாட்டத்தை நினைவூட்டிய ஓர் இயலை முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

ஆற்றுக்கு மாற்றுப்பெயர்கள் ஐந்து வந்திருக்கின்றன. உழவர் ‘மூத்தாள்’ என்கிறார்கள். ஓடக்காரர் ‘நடப்பாள்’ என்கிறார்கள். குழந்தைகள் ‘ஆச்சி’ என்கிறார்கள். ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. யாருமே வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு உண்மைப் பெயர் எப்படித் தெரியும்?

தேரிமணல் எழுதியது:

எங்கள் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், எழுதியதைக் காற்று அழித்துவிடும். ஆற்றிலிருந்து மிகத் தொலைவான ஒரு மணல்மேட்டுக்குப் பிள்ளையை அழைத்துப் போய், ஒரு நாளைக்கு ஓர் எழுத்தாக விரலால் எழுதிக் காட்டட்டும். எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பது பிள்ளையின் பொறுப்பு. கடைசி எழுத்தைக் காட்டும்முன் கற்பித்தவர் இறந்துபோன ஒரு பிள்ளை உங்கள் கதையில் இருக்கிறாளா என்று பாருங்கள்.