எனக்கே நல்லது நினைக்க வரமாட்டேங்குது, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வேதாத்திரி மகரிஷியோட மனவளக்கலை பண்றவங்க, மெத்தா தியானம் (எல்லாருக்கும் நல்லது நினைக்கற பௌத்த தியானம்) பழகினவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்களேன். மெத்தால மொதல்ல நமக்கு நாமே நல்லது நினைக்கணும், அப்புறம்தான் மத்தவங்க, 5ஆம் நூற்றாண்டு பௌத்த நூலான விசுத்திமக்கத்துலயே இந்த வரிசைதான். எனக்கு அங்கதான் மாட்டுது. கடுப்பேத்துற மேனேஜருக்குக்கூட வாழ்க வளமுடன்னு மனசார சொல்லிடறேன், ஆனா உடல் நலம், நீளாயுள்னு எனக்கே சொல்ல ஆரம்பிச்சா உள்ளுக்குள்ள ஒரு குரல் "நீ என்னத்த கிழிச்சிட்ட"ன்னு ஆரம்பிச்சிடுது, பாதில விட்ட விரதம், போன் எடுக்காத சித்தி, எல்லாம் அட்டெண்டன்ஸ் மாதிரி வரிசையா வருது.

இன்னொரு குழப்பம். தினம் சிவபுராணம் சொல்றேன், "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு"ன்னு வருதே, தன்னைத் தாழ்த்திக்கறதுதான் பக்தின்னு நெனச்சே வளந்தவ நான். ஆனா அடுத்த வரியே "தாயிற் சிறந்த தயாவான"ன்னு போகுது, அப்போ அந்த தயவ நானும் எனக்குக் காட்டலாம்தானே? இல்ல அது சும்மா சலுகை எடுத்துக்கறதா?

மொதல்ல பிடிச்சவங்களுக்கு சொல்லிட்டு கடைசியா நமக்கு வரலாமா, அப்படி பண்ணி யாருக்காச்சும் செட் ஆச்சா? பாசிட்டிவா இருங்கன்னு மட்டும் ப்ளீஸ் வேணாம் 🙏