புதுப்பிப்பு: டிரெய்லரோடு சேக்ரமெண்டோ வந்து சேர்ந்தோம்

கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோவிலிருந்து சேக்ரமெண்டோவுக்கு வீடு மாறுகிறோம், டிரெய்லரை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சாமான் வண்டி) வாடகைக்கு எடுத்து நானே இழுத்துப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சாமானும் பத்திரம், நாங்களும் பத்திரம்.

"பால் அளவைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே (குடிக்கிற பால் இல்லை, காரின் கொக்கியில் இருக்கும் இரும்புக் குண்டு), அதுதான் காப்பாற்றியது. டிரெய்லருக்கு 2 அங்குலம் வேண்டும். என் காரில் இருந்தது 1⅞. கடைக்காரர் அப்படியே மாட்டிவிட்டு "சரி, கிளம்புங்க" என்றார். சின்னக் குண்டிலும் பூட்டிக்கொண்ட மாதிரிதான் தெரியும், மேடுபள்ளத்தில் கழன்றுவிடும். மாற்ற வைத்தேன்.

அடுத்த தப்பு என்னுடையது. வாஷிங் மெஷினைக் கடைசியில் ஏற்றியதில் பின்பக்கம் கனத்துவிட்டது. 99ஆம் நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 50 மைலைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அடங்கியது. வெளியே இறங்கி மெஷினை முன்னால் தள்ளினோம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். அப்புறம் ஆட்டமே இல்லை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் உச்சம் என்பதால் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். மனைவி தூங்கியே விட்டாள்.