செப்பாங்கில் முதல் டிராக் டே: ஓட்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் டிராக் டேக்கு (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள்) முதன்முறையாக என் டோயோட்டா ஜிஆர்86 காரை செப்பாங் கார்ப்பந்தய ஓடுதளத்தில் இறக்கப் போகிறேன். இங்கே செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே பழகிய கார் அது, பாவம்.

பிரேக்தான் யோசனையாக இருக்கிறது. சுற்று 5.543 கிலோமீட்டர், நீண்ட நேர்பாதைகள் இரண்டு, இரண்டின் முடிவிலும் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டும். பழைய பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருந்தால் சூட்டில் கொதித்து, மிதி பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். அதனால் புது டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றியாயிற்று. பிரேக் பேடையும் மாற்றணுமா, முதல் நாளுக்கு ஒரிஜினலே தாங்குமா? அப்புறம் டயர் காற்று: சூடேறினால் அழுத்தம் கூடுமே, எவ்வளவு குறைத்து ஆரம்பிப்பீர்கள்?

சாதாரண வாகனக் காப்புறுதி ஓடுதளத்தில் செல்லாது. அன்றைக்கு மட்டும் எடுக்கிற மாதிரி ஏதாவது உண்டா? அதே காரில்தான் வீடு திரும்பணும். அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

சுற்று நேரமெல்லாம் எனக்கு வேண்டாம். வளைவுகளை ஒழுங்காகப் பிடித்து, சிரித்துக்கொண்டே ஓட்டினால் போதும். ஈப்போ பக்கமிருந்து யாராவது போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், சேர்ந்தே கிளம்பலாம்.