11 வயதுப் பெண்ணின் விருப்பத்தை நீதிமன்றம் எந்த அளவுக்குக் கணக்கில் எடுக்கும்?

கேள்வி: தாய்மாமன், பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையும் அவள் கணவரும் பிரிந்து வாழ்கிறார்கள். விவாகரத்து வழக்கு தருமபுரியில் நடந்துவருகிறது. மாப்பிள்ளை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். தங்கையும் அவள் மகளும் பாலக்கோட்டில் எங்களோடு இருக்கிறார்கள். குழந்தைக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. இடைக்கால உத்தரவின்படி மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை முதல் மாலை வரை அவள் அப்பாவுடன் இருக்க வேண்டும். சில வாரங்களாகப் போக மறுக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறாள். நாங்கள்தான் அவள் மனதைக் கலைக்கிறோம் என்று கூறி, குழந்தையைத் தன்னிடமே ஒப்படைக்கக் கேட்டு மாப்பிள்ளை மனுப் போட்டிருக்கிறார்.

நீதிபதி அவளை நேரில் அழைத்துக் கேட்பாரா? "அம்மாவிடம்தான் இருப்பேன்" என்று அவள் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடுமா? அங்கே என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி: வழக்குரைஞர், தருமபுரி

ஐயா, இத்தனை வயதுக்கு மேல் குழந்தையே முடிவு செய்துகொள்ளலாம் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அறிவார்ந்த விருப்பத்தைத் தெரிவிக்கும் அளவுக்குக் குழந்தை வளர்ந்திருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. 'கொள்ளலாம்' என்பதோடு சட்டம் நின்றுவிடுவதால், எடைபோடுவது நீதிபதியின் கையில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவும், இயன்ற இடங்களில் குழந்தையின் விருப்பத்துக்கு இசைய உத்தரவிடச் சொல்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது குழந்தையின் நலன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்ற விதி உங்கள் வழக்குக்குப் பொருந்தாது.

நடைமுறையில், இந்த வயதுக் குழந்தையை நீதிபதி தம் அறைக்கு அழைத்து, பெற்றோரும் வழக்குரைஞர்களும் இல்லாமல் பேசிப் பார்ப்பது வழக்கம். எடுத்த எடுப்பில் யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்டுவிட மாட்டார்கள். பள்ளிக்கூடம், தோழிகள், யார் தலை பின்னிவிடுகிறார்கள் என்று பேச்சு சுற்றிவரும். சொல்லிக்கொடுத்து அனுப்பிய குழந்தை அந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். ஆறாம் வகுப்புப் பெண் வாயிலிருந்து 'மன உளைச்சல்', 'ஜீவனாம்சம்' என்றெல்லாம் வந்தால் அது யார் பேச்சு என்று நீதிபதிக்குத் தெரியாதா? தந்தைக்கு எதிராகக் குழந்தையைத் திருப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு நீங்களே சாட்சியம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். தயவுசெய்து பெரியவர்களைத் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. உத்தரவு நடைமுறையில் இருக்கும்வரை, குழந்தை வரமாட்டேன் என்கிறாள் என்று நீங்களாக நிறுத்திவிட முடியாது. அது உத்தரவை மீறியதாகக் கருதப்படும். அங்கே அவளுக்கு ஆபத்து என்றால் கதை வேறு, அன்றைக்கே நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். மற்றபடி, உத்தரவை மாற்றக் கேட்டு மனுச் செய்யுங்கள். குழந்தை தொடர்பான உத்தரவுகள் கல்லில் வெட்டியவை அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்று 1973இல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

மறுமொழி: ஆசிரியை, கிருஷ்ணகிரி

சட்டம் பற்றி மேலே உள்ளவர் கூறிவிட்டார். என் வகுப்பில் பார்ப்பதை வைத்து ஒன்று மட்டும் சொல்கிறேன். "போக மாட்டேன்" என்பதை "அப்பா வேண்டாம்" என்று பெரியவர்கள் உடனே மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது பேருந்துப் பயணமாகவோ, போகிற வீட்டில் பேச ஆள் இல்லாததாகவோ, சனிக்கிழமை தவறிப்போகிற ஒரு விளையாட்டாகவோ இருக்கும். அவள் அம்மா இல்லாத நேரத்தில், அவசரப்படாமல் கேட்டுப் பாருங்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். அந்த நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.

மறுமொழி: ஊத்தங்கரை வாசகர்

என் பெற்றோர் பிரிந்தபோது எனக்கு 12 வயது. நீதிபதி அன்பாகத்தான் பேசினார். ஆனாலும் வெளியே வந்ததும் இரண்டு பக்கத்து உறவினர்களும் சூழ்ந்துகொண்டு "என்னப்பா சொன்னே?" என்று கேட்டதுதான் பெரிய வேதனை. அப்பா எதுவும் கேட்காமல் ஒரு ஓரமாக நின்றிருந்தார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அம்மாவா அப்பாவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, எந்த நாளில், எந்த இடத்தில் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டிருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன். அதை மட்டும் கடைசிவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் மருமகள் வெளியே வந்த பிறகு தயவுசெய்து ஒரு வார்த்தைகூட விசாரிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஆசிரியை சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்டு முடிந்த சனிக்கிழமைகளில் அவர் மதியம்வரை தூங்கிவிடுகிறாராம். அந்த நேரம் முழுவதும் பாட்டி உட்காரவைத்து, பாலக்கோட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், அம்மா என்ன பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அப்பா எழுந்த பிறகு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள். இதை எப்படி நீதிமன்றத்தில் வைப்பது?

மறுமொழி: வழக்குரைஞர், தருமபுரி

இது மிகவும் பயனுள்ள தகவல், ஐயா. பாட்டியைக் குறைகூறாமல், நேரத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றக் கேட்டு மனுச் செய்யுங்கள். அவருடைய ஷிப்டுக்கு ஏற்றவாறு ஞாயிற்றுக்கிழமை, அல்லது சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு, அவரே பாலக்கோட்டுக்கோ தருமபுரிக்கோ வந்து அழைத்துச் செல்லும்படி கேட்கலாம். வாரத்தின் நடுவில் காணொளி அழைப்பையும் நீங்களே முன்வந்து எழுதுங்கள்; 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தொடர்பை வலியுறுத்தியிருக்கிறது. நீங்களாகக் கேட்டால், தடுக்கிறீர்கள் என்ற அவருடைய வாதமும் வலுவிழக்கும். முதலில் சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இது அங்கேயே தீரக்கூடியது. கட்டணம் சுமை என்றால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தங்கையை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மனு விசாரணைக்கு வரும்வரை சனிக்கிழமைகளில் அனுப்புவதை நிறுத்த வேண்டாம்.