கிரையோ: 4 டிகிரியில் உருக்குவது ஏன்?

லேப்_மாணவி:
உறைந்த பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) குளிரிலேயே உருக்கினால் அடியில் படியும் மண்டிதான் கிரையோபிரெசிபிடேட், சுருக்கமாகக் கிரையோ. பாடத்தில் "கிரையோபிரெசிபிடேட், ஜூடித் பூல், 1964" என்று ஒரே வரிதான். அவர் எப்படி இந்தத் துறைக்கு வந்தார்? பிளாஸ்மாவை 37 டிகிரியில் சட்டென உருக்கினால் என்ன? பையில் ஃபேக்டர் 8 (ரத்தம் உறைய உதவும் புரதம்) அளவு 80 யூனிட்டைத் தொடாவிட்டால் கோளாறை எங்கே தேடுவது?

பழைய_பிளாஸ்மா:
பூல் முதலில் தசை ஆராய்ச்சியாளர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒற்றைத் தசை இழையின் மின்னழுத்தத்தை நுண்மின்முனையால் அளந்த வேலை அவருடையது. முனைவர் பட்டம் 1946இல். ஸ்டான்ஃபோர்டுக்கு 1953இல் வந்த பிறகுதான் ரத்த உறைதல். ஃபேக்டர் 8ஐ அளக்கும் முறையைக் கையில் வைத்துக்கொண்டு தேடியதால்தான், உருகிய பிளாஸ்மாவின் அடியில் தங்கும் மண்டியில் அது ஒளிந்திருப்பது பிடிபட்டது. 1965இல் மூடிய பைகளிலேயே செய்யும் முறையும் வந்ததால் சாதாரண ரத்த வங்கிக்கும் அது எட்டியது. இவ்வளவு செய்தவருக்குப் பேராசிரியர் பதவி 1972இல்தான்! 1975இல் காலமானார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேக்டர் 8 குறைபாடான ஹீமோஃபீலியா ஏ உள்ள 60 கிலோ நோயாளிக்கு அதன் அளவை 50 சதவீதம் உயர்த்த 1500 யூனிட். பிளாஸ்மாவாகக் கொடுத்தால் ஒன்றரை லிட்டர், இதயம் திணறும். கிரையோவில் 80 யூனிட் பை 19, எல்லாம் சேர்த்தே 300 மில்லிக்குள்.

சென்ட்ரிஃபியூஜ்:
குளிரில் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர், ஃபைப்ரினோஜன் ஆகிய மற்ற உறைதல் புரதங்களோடு சேர்ந்து ஃபேக்டர் 8 படிகிறது. வெப்பம் ஏறினால் மண்டி திரும்பக் கரைந்துவிடும். அதனால்தான் 1–6 டிகிரி. சுழற்றி முடித்ததும் மேல் பிளாஸ்மாவை உடனே வடித்து, 10–15 மில்லி மட்டும் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் உறைய வையுங்கள்.

அளவு குறைந்தால் முதலில் ரத்தம் எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். ஓட்டம் மெதுவாகி, பை சரியாகக் கலக்கப்படாவிட்டால் அங்கேயே ரத்தம் லேசாகக் கட்டத் தொடங்கி ஃபேக்டர் 8 செலவாகிவிடும். அடுத்தது பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க ஆன தாமதம். ஓ குரூப் தானியில் இயல்பிலேயே குறைவு, அதைத் தவறென்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

லேப்_மாணவி:
நன்றி சார். ஹீமோஃபீலியா பி (ஃபேக்டர் 9 குறைபாடு) நோயாளிக்கும் இது ஆகுமா?

சென்ட்ரிஃபியூஜ்:
ஆகாதும்மா. ஃபேக்டர் 9 மண்டியில் படியாது, வடித்த பிளாஸ்மாவோடு போய்விடும். ஹீமோஃபீலியா ஏ நோயாளிக்கும், வைரஸ் நீக்கிய செறிவு மருந்து கிடைக்கும்போது கிரையோ இரண்டாம்பட்சம்தான். இப்போது பெரும்பாலும் ஃபைப்ரினோஜனுக்காகத்தான் கேட்கிறார்கள். பைக்குக் குறைந்தது 150 மில்லிகிராம் இருக்க வேண்டும். உருக்கிய பையைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மறுபடி மண்டி படியும். அறை வெப்பத்தில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.