சிங்கப்பூர் தேக்காவின் பழைய கடைப் பலகைப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிறேன், அடுத்த மாதம் எங்கள் மாணவர் ஆய்வுக் கண்காட்சி. என் தலைப்பு, தேக்கா கடைப் பலகைகளில் இருந்த பழைய தமிழ் எழுத்து. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் ‘லை’, ‘ணை’ எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்குமே, அதுதான். தாத்தா வைத்திருந்த மளிகை ரசீதில் ‘வெற்றிலை’ அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, மடிப்பில் கிழிந்த அந்த மஞ்சள் காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து இதே நினைப்பு.

சிராங்கூன் ரோடு, பஃபலோ ரோடு பக்கம் அந்தக் காலத்தில் எடுத்த குடும்பப் படம் இருந்தால், பின்னால் பலகை மங்கலாகத் தெரிந்தாலும் சரி, கைப்பேசியில் எடுத்து அனுப்புங்களேன். எந்தத் தெரு, ஏறக்குறைய எந்த வருஷம் என்றும் எழுதுங்கள். முகங்களை மறைத்துவிட்டுத்தான் வைப்பேன். அப்புறம், பழைய ரசீது, துணிப்பை இருந்தாலும் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்.